ஒதுங்காத இடம்

முதல் அநியாயம் மைதானம். ஆவாரங்குளத்தில் பஞ்சாலை முதலாளி ராஜரத்தினம் தன் தகப்பனார் பேரில் கூடைப்பந்து மைதானம் கட்டிய நிலம், மேட்டுக்காலனிச் சனங்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்துவந்த மேடு. எலும்புகளை அள்ளி ஓடையில் கொட்டிவிட்டு சிமெண்ட் பூசினார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அந்தச் சிமெண்ட்டைக் கழுவிவிடவும் மேட்டுக்காலனியிலிருந்துதான் ஆள் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது அநியாயம் சாக்கடை. மைதானத்தைச் சுற்றி ஓடிய சாக்கடையில் பந்து விழும்போதெல்லாம் எடுத்துக் கொடுப்பதற்காகக் காலனிப் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நிற்கலாம், எடுத்த பந்தைக் கழுவி வேலிக்கு மேலாக உள்ளே எறியலாம், ஆனால் கொண்டுவந்து கையில் கொடுக்கக் கூடாது. அப்படி எறிந்து எறிந்துதான் வெயிலுகந்தம்மாளுக்குக் குறி படிந்தது. அதை ஊர் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டது, தானே பயிற்சி கொடுத்ததைப் போல.

மூன்றாவது தம்ளர். தொழிலாளர் நற்பணி மன்றத்தின் பெண்கள் அணிக்கு உயரமான பிள்ளை ஒருத்தி தேவைப்பட்டு, நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ராக்குவின் மகளான வெயிலுகந்தம்மாளைச் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு தம்ளர் வந்து உட்கார்ந்தது. அது யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலாளியை எதிர்த்துக் கொடி பிடித்த தொழிலாளர்களின் மன்றம் அது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது பெயர். மற்றப் பெண்களின் சட்டை முதுகில் பெயர் தைத்தவர்கள் இவள் முதுகில் ஏழு என்ற எண்ணை மட்டும் தைத்தார்கள். மைக்கில் ஆட்ட வர்ணனை சொல்லும் கனகசபை, "வெயிலுகந்தம்மாளா? அம்மாடி, அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிரணி ரெண்டு கூடை போட்டுரும்" என்று மைக்கிலேயே சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அன்று முதல் அவள் போட்ட கூடைகளெல்லாம் ஏழாம் எண் போட்டவையாயின, சமயத்தில் காலனிப் பொண்ணு போட்டவையாயின. அதே மைக்கில், முதலாளியின் மகள் பந்தைக் கோட்டைவிட்டால்கூட, "தொழிலதிபர், கல்வி வள்ளல் ராஜரத்தினம் அவர்களின் செல்வப் புதல்வி, கல்லூரி அணியின் தலைவி, நான்காம் எண் சுபாஷிணி அவர்கள் பந்தை வெளியே அனுப்பி வைக்கிறார்கள்" என்று வரும்.

ஐந்தாவது அநியாயம் வெயிலுவின் உடம்புக்குள் குடியிருந்தது. தேரடி வீதியைக் கூட்டும் பெண்களுக்கு அந்த வீதி ஒரு பழக்கம் வைத்திருந்தது: எதிரே வீட்டுக்காரர் யாராவது வந்தால் விளக்குமாற்றைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்து, வலது காலைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அவர் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். ராக்கு தன் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டிய காலத்திலிருந்தே, மற்றத் தாய்மார்கள் பல் விளக்கப் பழக்குவதைப் போல, "ஒதுங்கு தாயி, ஒதுங்கு" என்று சொல்லிச் சொல்லி அதைப் பழக்கியிருந்தாள். ஆகவே ஆடுகளத்தில் எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்து வரும்போது, மறித்து நிற்க வேண்டிய வெயிலுவின் வலது கால் அவளைக் கேட்காமலே பின்னால் போகும், வலது கை இல்லாத விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைக்கும், வந்தவள் சாவகாசமாகக் கூடை போட்டுவிட்டுப் போவாள்.

அணித் தலைவி ஜெசிந்தா தறிக்காரர் வீட்டுப் பெண், வெயிலுவின் வயதுதான், வாய் மட்டும் மூத்தது. தம்ளர் விஷயத்தைப் பார்த்த மறுநாளே அந்தத் தம்ளரில் தானும் குடித்து, பிறகு அதைச் சாக்கடையில் எறிந்தவள் அவள்.

"ஏய் வெயிலு, நீ என்ன ரயில்வே கேட்டா? வர்றவளுக்கெல்லாம் தொறந்து தொறந்து விடுறே!"

"கால் தன்னால போகுதுடி."

"தன்னாலயா? அப்ப அதக் கழட்டி வீட்ல வச்சுட்டு வா. ஒத்தக் கால்ல நின்னாக்கூட இதவிட நல்லா மறிப்பே."

"வந்து இடிச்சுட்டா?"

"இடிக்கட்டும்டி! நீ முந்தி வந்து ரெண்டு காலயும் ஊனி நின்னுட்டா, பெறகு வந்து இடிக்கிறவ மேலதான் தப்பு. இது நான் போட்ட சட்டமில்ல, ஒலகம் பூரா ஆடுற ஆட்டத்தோட சட்டம். நிக்கிறவளுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, நீதான் நிக்க மாட்டேங்குற."

நிற்கிறவளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதை வெயிலு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். தேரடி வீதியில் அப்படி ஒரு சட்டத்தை அவள் கேள்விப்பட்டதில்லை.

ஆறாவது அநியாயம் சித்திரைக் கோப்பை இறுதியாட்டத்தன்று காலையில் நடந்தது. ராக்கு தேரடி வீதியைக் கூட்டிக்கொண்டிருந்தாள், ராஜரத்தினத்தின் வீட்டுக் கார் வந்தது. அவள் விளக்குமாற்றை மறைத்தாள், காலை இழுத்தாள், முகத்தைச் சுவரில் வைத்தாள். அதற்கு மேல் ஒதுங்க வேண்டுமானால் சுவருக்குள்தான் போக வேண்டும். அப்படியும் கார் அவளுடைய இடது கையை முறித்துவிட்டு, நிற்காமல் போனது. அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட கையோடு கிடந்தவள், ஓடிவந்த மகளிடம், "நான் ஒதுங்கித்தான் தாயி நின்னேன்" என்று தப்புச் செய்தவளைப் போலச் சொன்னாள். வெயிலு அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுங்கினாலும் இடிக்கிறார்கள். ஒதுங்காவிட்டாலும் இடிக்கத்தான் போகிறார்கள்.

ஏழாவது அநியாயம் விசில். அன்று சாயங்காலம் இறுதியாட்டம், தொழிலாளர் மன்றத்துக்கும் முதலாளியின் கல்லூரிக்கும். போலீஸ் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்தால் வெயிலுவுக்கு உத்தியோகம், காக்கிச் சட்டை, ராக்குவுக்கு விளக்குமாற்றிலிருந்து விடுதலை. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது, மன்றத்து அணி ஒரு புள்ளி முன்னால் நின்றது, சுபாஷிணி பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். அவளுக்குப் பழக்கப்பட்ட வழி அது, அந்தக் கேட் எப்போதும் திறந்தே இருந்தது. வெயிலு முந்திப்போய்க் கூடைக்குக் கீழே நின்றாள், இரண்டு கால்களையும் ஊன்றினாள், கைகளை நெஞ்சுக்கு முன்னால் கட்டினாள். வலது கால் பின்னால் போகவில்லை. சுபாஷிணி முழு வேகத்தில் வந்து அவள் மேல் மோதி மல்லாக்க விழுந்தாள். நடுவர், அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது ராஜரத்தினம் பங்களாவில், விசிலை ஊதினார், விழுந்தவளைத் தூக்கிவிட்டார், நின்றவளைக் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார். கனகசபை மைக்கில் அறிவித்தார்: "வேண்டுமென்றே முரட்டு ஆட்டம்! காலனிப் பொண்ணு வெளியேற்றப்படுகிறது!"

வெயிலு வெளியே போனாள். போய் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் நின்ற இடம் வெளியே போகவில்லை.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஏழு அநியாயங்களைத் தாங்கின ஓர் ஊரில் எட்டாவதாக ஏதாவது ஒன்று நடந்துதான் தீர வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் சுபாஷிணி அதே வழியில் பாய்ந்து வந்தாள், கூடைக்குக் கீழே யாருமே இல்லை, ஆனாலும் எதன் மேலோ நெஞ்சு மோதி மறுபடியும் மல்லாக்க விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் விழுந்தாள். நடுவர் கோபமாக வந்து பார்த்தார், அவருடைய மூக்கு உடைந்தது. ஜெசிந்தா கிட்டே போய்க் காற்றைத் தடவிப் பார்த்தாள். ஒரு தோள், ஒரு முழங்கை, நெஞ்சுக்கு முன்னால் கட்டிய இரண்டு கைகள், இளஞ்சூடாக, வேர்த்துப்போய். "ஏய் வெயிலு," என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள், "நீ இன்னும் இங்கதான்டி நிக்கிறே!"

ஆட்டத்தை அதோடு நிறுத்தி, கோப்பையைக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். போலீஸ் அதிகாரி முரட்டு ஆட்டக்காரியை எடுப்பதற்கில்லை என்று காரில் ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் காக்கைகள் வந்து அந்த இடத்தின் தலையிலும் தோளிலும் உட்கார்ந்தன, காற்றில் உட்கார்ந்ததைப் போல. காலனிப் பிள்ளைகள் யாரும் பார்க்காதபோது உள்ளே புகுந்து, புத்தகப் பையை அதன் தோளில் மாட்டிவிட்டு விளையாடினார்கள். கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து காற்றழுத்தம் என்று சொல்லிவிட்டு, போகும்போது அதையே இடித்துக்கொண்டு போனார். நகராட்சிப் பொறியாளர் வந்து நாலு பக்கமும் அளந்து, அனுமதியின்றி எழுப்பப்பட்ட தடை என்று தீர்மானித்து, அகற்றுவதற்கு ஆள் அனுப்பினார். கடப்பாரை வளைந்தது. புல்டோசர் கொண்டுவந்தார்கள், அதன் முகப்புத் தகடு, மனுஷி ஒருத்தி சாய்ந்து நின்றதைப் போலக் குழிந்து போனது. கோடை மழை பெய்தபோது ஊர் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தது: தண்ணீர் அதன் மேல் வழிந்து வழிந்து ஓர் உருவத்தைக் காட்டியது, நெட்டையான பெண், நிமிர்ந்த முதுகு, ஊன்றிய கால்கள்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். உடைக்க முடியாததைக் கும்பிடுவது அவர்களுடைய வழக்கம். கும்பிட்டால் அது அவர்களுடையது ஆகிவிடுகிறது. ராஜரத்தினம் முதல் பட்டுப்புடவையைக் கொடுத்தார், அது காற்றில் கொசுவம் கலையாமல் நின்றது. நிலைநின்ற நாயகி என்று பேர் வைத்தார்கள். கூடைக் கம்பத்தை வெட்டிவிட்டுக் கோபுரம் வைத்தார்கள், சுற்றி இரும்புக் கிராதி போட்டார்கள், வெளியூரிலிருந்து பூசாரி வந்தார், தலபுராணம் ஒன்றும் வந்தது, அதில் அம்மன் ஓர் அசுரனை மறித்து நின்றதாக இருந்தது, கூடைப்பந்து இல்லை. செவ்வாய் வெள்ளிகளில் மாமியார்கள் மருமகள்களைக் கூட்டி வந்து, இவள் அடங்கி ஒடுங்கி வீட்டோடு நிற்க வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டார்கள். இதைக் கேட்ட அன்று ஜெசிந்தா நடுவீதியில் நின்று சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைத்தன. மேட்டுக்காலனிச் சனங்கள் கிராதிக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று பலகை இல்லாமலே சட்டம் ஆனது.

கிராதிக்கு வெளியேதான் வெயிலுவும் நின்றாள், கும்பிட அல்ல, கூட்ட. ராக்குவின் கை சரியாகக் கூடவில்லை. கோணலாகக் கூடிய கையால் விளக்குமாற்றைப் பிடிக்க முடியாமல் போக, அந்த வேலை மகளுக்கு வந்தது, அதோடு தேரடி வீதியும் மைதானமும் வந்தன. பூசாரி வீசியெறிந்த வாடின மாலைகளை அவள் ஒவ்வொரு நாள் காலையும் குனிந்து அள்ளினாள். அவளுடைய தோளில் இருந்து கழற்றிய மாலைகள். மழை நாளில் கோபுரத்து ஒழுக்கில் தண்ணீர் வழிய, புடவைக்கு மேலே அந்தக் கழுத்தும் தோளும் தெரியும்போது விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு பார்ப்பாள். உள்ளே இருந்தவளுக்கு வயது கூடவே இல்லை. வெளியே இருந்தவளுக்கு முதுகு வளைந்தது, முட்டி தேய்ந்தது, கல்யாணம் நடந்தது, புருஷன் சாக்கடைக் குழிக்குள் இறங்கித் திரும்பி வராமல் போனான். அந்த அநியாயத்துக்கு வரிசை எண் போட முடியாது, அது தனியாக எழுதப்பட வேண்டியது.

ஜெசிந்தா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்தாள். ஒவ்வொரு சித்திரையிலும், இறுதியாட்டம் நடந்த அதே தேதியில், இரண்டு பேரும் ஒரு துண்டறிக்கை போட்டு ஊருக்குக் கொடுத்தார்கள். முதல் வருஷத்து அறிக்கையில் ஏழு அநியாயங்களும் வரிசையாக இருந்தன, யாரும் படிக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் அறிக்கை சுருங்கியது, கோபம் சுருங்கவில்லை. கடைசியில் அதில் ஒரே வரி நின்றது: மோதியது யார்?

"உனக்கு என்னதான் வேணும்?" என்று மனு வாங்கும் அதிகாரிகள் கேட்பார்கள். "வேலையா? வீடா?"

"தீர்ப்ப மாத்தணும். மோதினது யாருன்னு அதே மைக்ல, அதே எடத்துல, ஊர் கேக்க வாசிக்கணும்."

"அது பழைய விளையாட்டும்மா."

"அப்ப வாசிக்கிறதுக்கு என்ன?"

தெய்வ காரியத்தில் தலையிட வேண்டாம் என்று பதில் வரும். ராக்கு சாகும்போதும் கோணல் கையால் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க கூட மல்லுக்கு நிக்காத தாயி, ஒதுங்கிப் போயிரு" என்றுதான் சொன்னாள். வெயிலு சரி என்று தலையாட்டினாள். செத்துக்கொண்டிருப்பவளிடம் மட்டும் பொய் சொல்லலாம் என்பது அவளுடைய கொள்கை.

பிறகு ராஜரத்தினம் செத்தார், ஆலையை மூடினார்கள், சுபாஷிணி தேர்தலில் நின்று நகர்மன்றத் தலைவி ஆனார். ஆவாரங்குளத்துக்குப் பெரிய உள்விளையாட்டரங்கம் கட்டத் திட்டம் வந்தது, அதற்கு மைதானம் இருந்த நிலத்தைக் காட்டிக் கையெழுத்தும் போட்டாயிற்று, அடிக்கல் நாட்ட அமைச்சருக்குத் தேதியும் குறித்தாயிற்று. அம்மனை வேறு இடத்துக்கு மாற்றுவதற்காக யாகம் வளர்த்தார்கள். புடவை வந்தது, கோபுரம் துண்டு துண்டாக வந்தது, அம்மன் வரவில்லை. ஜேசிபி ஓட்டி வந்தவன் ஒரு தடவை மோதிப் பார்த்துவிட்டு, சாவியைக் கழற்றிக் காண்டிராக்டர் கையில் கொடுத்து, "எங்க ஊர்ல சாமி வழி விடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யாருக்கோ அப்போதுதான் ஞாபகம் வந்தது, அது சாமியாவதற்கு முன்னால் யாராக இருந்தது என்று.

சுபாஷிணி மேட்டுக்காலனிக்கு முதல் தடவையாக வந்தார், உட்காருவதற்கு நாற்காலியும் பின்னாலேயே வந்தது. வெயிலு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா.

"வாங்க, நாலாம் நம்பரு," என்றாள் வெயிலு.

கூட வந்தவர்கள் பதறினார்கள். "ஏம்மா, சேர்மனம்மாகிட்டப் பேசுற பேச்சா இது?"

"எங்களுக்குத் தெரிஞ்ச பேரச் சொன்னோம்," என்றாள் ஜெசிந்தா. "அவுக எங்களுக்கு நம்பர்தான் குடுத்தாக, நாங்களும் நம்பர்தான் குடுக்கோம்."

சுபாஷிணி கையை உயர்த்தி எல்லாரையும் வாசலுக்கு அப்பால் போகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னைக்கு மோதினது நான்தான்," என்றார். "நீ நின்னுட்டுத்தான் இருந்தே. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அது போதாதா?"

"ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா அது ரகசியம். எனக்குத் தீர்ப்பு வேணும்."

"பொண்ணுக்கு ஏதாவது வேலை..."

"எனக்குப் பொண்ணு இல்ல. கூடை இருந்த எடத்துல நிக்கிறா பாருங்க, அவ ஒருத்திதான்."

சுபாஷிணி நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். தெருவில் ஒரு சேவல் நாற்காலிக் காலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. "வாசிச்சா?" என்றார் கடைசியில்.

"அதே கனகசபை, அதே மைக்கு, பட்டப்பகல். எங்க காலனி பூரா கிராதிக்கு உள்ள நிக்கணும், சாட்சிக்கு. வாசிச்சு முடிச்சதும் நான் உள்ள போயி அவகிட்டப் பேசுறேன்."

பேசுறேன் என்றுதான் சொன்னாள். அதற்கு மேல் அவள் எதையும் சொல்லவில்லை என்பதை ஜெசிந்தா கவனித்தாள், சுபாஷிணி கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயிலோடு மைதானம் நிறைந்தது. மேட்டுக்காலனி முழுக்க வந்தது. செத்தவர்களைப் புதைத்த மண்ணின் மேல் இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர்கள் கழுவாமல், கூட்டாமல், சும்மா நின்றார்கள். மூடின ஆலையின் பழைய தொழிலாளிகள் வந்தார்கள், தம்ளரை வைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், குனியட்டும். தேரடி வீதிக்காரர்கள் மொட்டைமாடிகளில் நின்றார்கள். மைக் கனகசபையை இரண்டு பேர் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பல் போயிருந்தது, குரல் போகவில்லை.

வெயிலு கிராதிக்குள் நுழைந்தாள். புடவையைக் கழற்றியிருந்ததால் அந்த இடம் வெறும் காற்றாக இருந்தது, சிமெண்ட் தரையில் இரண்டு பாத அளவுக்கு மட்டும் தூசி படியாமல் இருந்தது. அவள் கையை நீட்டினாள். தோள் எட்டவில்லை, தன் தோளுக்கு நேராகத் தேடியவள், இன்னும் உயர்த்தித் தேட வேண்டியிருந்தது. தோளைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், நிமிர்ந்த முதுகைத் தொட்டாள். இளஞ்சூடு, வேர்வை, வேகமாக அடிக்கும் நெஞ்சு. அந்த ஆட்டம் அவளுக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. வெயிலு ஒரு காலை எடுத்து அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவரைத் தள்ளினதைப் போலவே, பேராசிரியரைத் தள்ளினதைப் போலவே, அவளையும் அந்த இடம் தள்ளியது. வளைந்த முதுகுக்கு அங்கே இடமில்லை. கூட்டத்தில் சிலர் இதைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா அருகில் வந்தாள். "என்னடி?"

"எனக்கும் வழி விட மாட்டேங்குறா," என்றாள் வெயிலு. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. "நல்லா ஊனி நிக்கிறாடி."

"வாசிச்சு முடிச்சதும் அவகிட்ட என்ன சொல்லப் போற? ஒதுங்கச் சொல்லி எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"எங்காத்தா எங்கிட்டச் சொன்ன சொல்ல, நான் இவகிட்டச் சொல்ல மாட்டேன்."

"அப்ப அரங்கம்?"

"சுத்திக் கட்டட்டும்."

ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். சுபாஷிணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கனகசபைக்குத் தலையை அசைத்தார். மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தி அடங்கியது. கனகசபை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொழிலதிபர், கல்வி வள்ளல், அமரர் ராஜரத்தினம் அவர்களின் செல்வப் புதல்வி, மாண்புமிகு நகர்மன்றத் தலைவி..."

"நிறுத்துங்க!" என்றாள் வெயிலு. மைக் இல்லாமலே அந்தக் குரல் தேரடி வீதிவரை போனது. வேலிக்கு வெளியிலிருந்து பந்து எறிந்தவளின் குரல் அது. "ஆடுகளத்துல பட்டமும் வாலும் கெடையாது. தப்பச் சொல்லுங்க, நம்பரச் சொல்லுங்க, பேரச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

கனகசபை சுபாஷிணியைத் திரும்பிப் பார்த்தார். சுபாஷிணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தார். ராக்கு இல்லை. போலீஸ் வேலை இல்லை. கோப்பை எந்த அலமாரியிலோ துருப்பிடித்துக்கொண்டிருந்தது. காலனிச் சனங்கள் ஒருவரும் அசையாமல், ஒருவரும் சுவர்ப் பக்கம் திரும்பாமல், முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். வெயிலு விளக்குமாற்றை முன்னால் பிடித்துக்கொண்டு, காற்றில் கட்டியிருந்த அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தாள், உள்ளே இருப்பவளும் கேட்க வேண்டும் என்பதற்காக.

"தப்பு," என்றார் கனகசபை. "நின்றவள் மீது மோதியது. நான்காம் எண். சுபாஷிணி."